வேலிக்காரர் வீட்டு மாப்பிள்ளை

அவங்க என்ன ஆளுங்க என்று என் நாத்தனார் கேட்டாள். என் மகள் கட்டிக்கொள்ளப் போவது வெள்ளைக்காரப் பையனை என்று சொன்ன பிறகும் அதே கேள்வி. அவர்களுக்கு ஏது அதெல்லாம் என்றேன். பேருக்குப் பின்னால் ஒரு குடும்பப் பேர் தொங்குகிறதே, அதற்கு அர்த்தம் இல்லாமலா இருக்கும் என்றாள். அவளுக்கு எல்லாமே உடும்புப்பிடிதான்.

மகள் இங்கிலாந்தில் ஆஸ்பத்திரித் தாதி. லீவுக்கு அந்தப் பையனையும் அழைத்துக்கொண்டு அலோர் காஜாவில் இருக்கிற எங்கள் தாமான் குடியிருப்பு வீட்டுக்கு வந்திருந்தாள். நாத்தனார் கேட்டதை மகள் சிரித்துக்கொண்டே அவனிடம் இங்கிலீஷில் சொன்னாள். அவனும் முகம் கோணாமல் பதில் சொன்னான். அவன் குடும்பப் பேர் ஹேவர்ட். அந்தக் காலத்தில் அவர்கள் ஊரில் பயிர் நிலத்தைச் சுற்றி உயிர்வேலி இருக்குமாம். அதைக் காவல் காக்க ஓர் ஆள் போடுவார்களாம். மாடு வேலியைப் பிரித்துக்கொண்டு பயிரில் வாய் வைத்தால், அந்த ஆள் ஓட்டிக்கொண்டு போய்ப் பட்டியில் அடைத்துவிடுவான். தண்டம் கட்டினால்தான் அவிழ்த்து விடுவான். வேலிக் காவல்காரன் என்பதுதான் ஹேவர்ட். வேலை ஒழிந்துபோன பிறகும் பேர் மட்டும் பிள்ளைக்கும் பேரனுக்கும் ஒட்டிக்கொண்டே வந்துவிட்டதாம். தன் அப்பா பஸ் ஓட்டுகிறார், வீட்டில் ஒருவரும் மாட்டைக் கிட்டப் போய்த் தொட்டதுகூட இல்லை என்றும் சொன்னான்.

"அட, நம்ம ஊரு ஜாகா, காவக்காரன் வேலைலா" என்று நாத்தனார் திருப்தியாகக் காப்பியை உறிஞ்சினாள். என் வீட்டுக்காரர் கோப்பையை அப்படியே வைத்துவிட்டு எழுந்து வெளியே போய்விட்டார்.

எனக்குச் சுருக்கென்றது. நியாலாஸ் பக்கம் தோட்டத்தில் இருந்தபோது அவர் மாடு வைத்திருந்தார். ஒருநாள் கறவை மாடு கயிற்றை அறுத்துக்கொண்டு செம்பனைக் கன்றுகளுக்குள் புகுந்துவிட்டது. துரை சொல்லி, ஜாகா பிடித்து அடைத்துவிட்டான். வீட்டில் கன்றுக்குட்டி கத்துகிறது, இவர் ஆபீஸ் வாசலில் கைகட்டி நிற்கிறார். அதை நினைத்தால் இன்றைக்கும் அவருக்குச் சோறு இறங்காது.

மாட்டைப் பிடித்து அடைக்கிற பரம்பரைதானா நமக்குக் கிடைத்தது என்றார். அதற்குப் பிறகு கல்யாணப் பேச்சை எடுத்தாலே எழுந்து போய்விடுவார். எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. அவன் பாட்டன் பூட்டன் செய்ததற்கு இந்தப் பையனை என்ன பட்டியிலா அடைக்கப் போகிறீர்கள் என்று கத்தினேன். பிறகு நான் மீன் ஆய்ந்துகொண்டிருந்தபோது பக்கத்தில் வந்து உட்கார்ந்து, மெதுவாகக் கேட்டார்.

"அங்க கல்யாணம் ஆனா பொம்பளைங்க புருஷன் குடும்பப் பேரத்தான் போட்டுக்குவாங்களாமே?"

அப்போதுதான் எனக்கு விளங்கியது. மாடெல்லாம் சும்மா சாக்கு.

நமக்குக் குடும்பப் பேர் என்று ஒன்று கிடையாது. ஐசி என்கிற அடையாள அட்டையில் மகள் பேருக்குப் பின்னால் இன்னாருடைய மகள் என்று அப்பா பேர் இருக்கும், அவ்வளவுதான். இங்கிலாந்துக்காரர்கள் அதையே குடும்பப் பேராக எடுத்துக்கொண்டார்கள். டாக்டர், நோயாளி, தரை துடைக்கிறவர் எல்லோரும் அவளை மிஸ் போட்டு அவர் பேரைச் சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள். மகள் இதை முதன்முதலில் போனில் சொன்னபோது இந்த மனுஷன் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். தோட்டத்தில் கணக்கெழுதுகிற கிராணிக்கு இவர் 'டேய்', துரைக்கு ஒரு விசில், ஊருக்குப் பால்காரர். காலே படாத ஒரு தேசத்தில்தான் அவர் பேருக்கு மரியாதை கிடைத்தது. அதன் பிறகு மகள் எப்போது கூப்பிட்டாலும், "இன்னிக்கு என்னைக் கூப்புட்டாங்களா?" என்று கேட்பார். அந்தப் பேரைத்தான் இந்தப் பையன் எடுத்துக்கொண்டு போய்விடுவான் என்று பயந்திருக்கிறார்.

மகளிடம் சொன்னேன். அவள் அழுதே விட்டாள். நேரே அப்பாவிடம் போய், "நான் உங்க பேர மாத்த மாட்டேன்ப்பா" என்றாள். தானும் அவளை முதலில் அந்தப் பேரால்தான் தெரிந்துகொண்டதாக அந்தப் பையனும் சொன்னான். நல்ல பிள்ளை. இவர் தலையை ஆட்டினார். கோயிலில் நின்று மகளைத் தாரை வார்த்துக் கொடுத்தார். ஆனால் நம்பவில்லை. நம் மனசு நோகக் கூடாது என்று பிள்ளை சொல்கிறது, அவ்வளவுதான் என்றார் என்னிடம். அவர்கள் திரும்பிப் போன பிறகு அந்தக் கேள்வியைக் கேட்பதையே விட்டுவிட்டார். சாப்பிட்டியாம்மா என்பார், போனை என்னிடம் நீட்டிவிடுவார்.

போன மாதம் ஒருநாள் மகள் போனை எடுக்கவே இல்லை. எத்தனை தடவை அடித்தாலும் மணி மட்டும் போய்க்கொண்டிருந்தது. அவள் வேலை செய்கிற வார்டின் நம்பருக்கே அடித்துவிட்டேன். புக்கிட் ரம்பாய் பேக்டரியில் வேலை செய்தபோது கற்றுக்கொண்ட இங்கிலீஷ் எதற்கு இருக்கிறது? அவரும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டேன். ஒரு பெண் எடுத்தாள். மகளின் பேரைச் சொன்னேன். அவளுக்குப் புரியவில்லை. குடும்பப் பேர் என்ன என்று கேட்டாள்.

அது அவருடைய பேர் அல்லவா. கட்டிய நாளிலிருந்து ஒரு தடவைகூட நான் அவர் பேரைச் சொன்னதில்லை. எங்களில் புருஷன் பேரைச் சொல்ல மாட்டோம். இந்தாங்க என்பேன், மகள் பிறந்த பிறகு மகளின் அப்பா என்பேன். அவரையே எதிரில் வைத்துக்கொண்டு எப்படிச் சொல்வது? ஹேவர்ட் என்று சொல்லிவிட்டேன்.

அந்தப் பேரில் இங்கே யாரும் இல்லையே என்றாள் அவள்.

அந்த அளவு இங்கிலீஷ் அவருக்கும் தெரியும். நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் கண்ணை மூடிக்கொண்டு அவர் பேரைச் சொன்னேன்.

ஓ, அவர்களா என்று அந்தப் பெண்ணும் அதே பேரை முழுசாகத் திருப்பிச் சொன்னாள். ஒரு நோயாளியோடு இருக்கிறார், இதோ கூப்பிடுகிறேன் என்று போனாள்.

"இன்னொரு தரம் சொல்லு" என்றார் அவர்.

அந்தப் பெண்ணிடம் கேட்டாரா, என்னிடம் கேட்டாரா, தெரியவில்லை. நான் சொன்னேன்.