கடையில் மாட்டிய என் சர்ட்டிபிகேட்

தொண்ணூறுகளில் என் அண்ணன் பீளமேட்டில் மோட்டார் வைண்டிங் கடை வைத்திருந்தார். மில் மோட்டார், கிணற்று மோட்டார், எது புகைந்தாலும் அங்கே வரும். எரிந்த கம்பியைப் பிரித்துப் போட்டுவிட்டுப் புதுக் கம்பி கட்டிக் கொடுப்பார்கள். அந்தப் புதுக் கம்பியை வளையம் வளையமாக, காயில் காயிலாகச் சுற்றிக் கொடுத்தது யார் என்று நினைக்கிறீர்கள்? நான்தான். பின் தெருவில் இருந்த வீட்டில், சமையலறைக்குப் பக்கத்தில் கைமிஷினை வைத்துக்கொண்டு வருஷக்கணக்கில் சுற்றினேன்.

கட்டிக்கொடுத்த இடம் சரிப்படாமல் அண்ணன் வீட்டுக்கே திரும்பி வந்தவள் நான். பஸ்ஸுக்குக்கூட அண்ணியிடம் கை நீட்ட வேண்டும். சொந்தமாக ஒரு தொழில் தெரிந்தால் அந்தத் தலையெழுத்து இல்லை. ஆனால் காயில் சுற்றினால் மட்டும் போதாது. அதை மோட்டாருக்குள் இறக்கிக் கனெக்‌ஷன் கொடுக்கவும் தெரிய வேண்டும். அது கடையில்தான் நடக்கும். என்னையும் கடையில் சேர்த்துக்கொள்ளச் சொல்லி அண்ணனிடம் கேட்டேன்.

"அம்மணி, இது ரெண்டு மூணு வருசம் அப்பரண்டிசா ஒக்காந்து கத்துக்கிற தொழிலு. ஆம்பளைங்க வந்து போற எடம். உனக்கெதுக்கு?"

"இத்தன வருசமா நாஞ் சுத்தறதுக்குப் பேரு என்னங்ணா?"

"அது வூட்டு வேலை."

வீட்டு வேலையாம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்தச் சமயம் உக்கடத்துப் பக்கம் ஒரு மாடியில் பெண்களுக்கு மூன்று மாத எலக்ட்ரீஷியன் கோர்ஸ் ஆரம்பித்தார்கள். பிடிவாதமாகப் போய்ச் சேர்ந்தேன். நான் கிளம்பும்போதெல்லாம் "ஏட்டுச் சொரக்கா கறிக்கு ஒதவாது" என்று அண்ணன் பின்னாலிருந்து சொல்லுவார்.

அவர் சொன்னது முழுப் பொய்யும் இல்லை, அதுதான் இன்னும் எரிச்சல். அறை நிறையப் பெண்கள், இருந்தது ஒரே ஒரு டெஸ்டர். வாத்தியார் போர்டு நிறையப் படம் போடுவார், அழிப்பார். ஒரு மோட்டாரையாவது கண்ணில் காட்டுங்கள் என்று நச்சரித்தோம். இஸ்திரிப் பெட்டியைக் கொண்டுவந்து கழற்றினார். திரும்ப மாட்டியபோது ஒரு ஸ்க்ரூ மிச்சமானது. அதைச் சத்தமில்லாமல் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். இவரிடம் படித்து நான் மோட்டார் கட்டின மாதிரிதான் என்று தலையில் அடித்துக்கொண்டேன்.

ஆனாலும் ஒன்று சொல்ல வேண்டும். நான் சுற்றும் காயில் மோட்டாருக்குள் போய் என்னதான் செய்கிறது என்பது அந்தப் போர்டுப் படத்தில்தான் எனக்கு விளங்கியது. கடையில் ஒருவரும் அதைச் சொன்னதில்லை. 'கேக்காத, பாத்துச் செய்யி' என்பதுதான் அங்கே பாடம். என்னையோ பார்க்கவும் விடவில்லை.

கோர்ஸ் முடிந்து சர்ட்டிபிகேட் கொடுத்தார்கள். அண்ணன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பீரோவில் வைத்துவிட்டு மறுபடியும் காயில் சுற்ற உட்கார்ந்தேன்.

சில மாதம் கழித்து ஒரு மில்லில், சர்ட்டிபிகேட் உள்ள ஆள் இருக்கும் கடைக்குத்தான் இனி மோட்டார் தருவோம் என்று சொல்லிவிட்டார்கள். அண்ணன் கடையில் எல்லோரும் பார்த்துப் பழகியவர்கள். ஒருவரிடமும் காகிதம் கிடையாது. வீட்டில் இதைப் பற்றிப் பேச்சே இல்லை; எனக்குப் பின்னால்தான் தெரியும். இரண்டொரு நாளில், அண்ணனுக்குச் சாப்பாடு எடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன். சாமி படத்துக்குப் பக்கத்தில், கண்ணாடி போட்டு, சந்தனம் குங்குமம் வைத்து, பீரோவில் இருந்த என் சர்ட்டிபிகேட் தொங்குகிறது. மில்லிலிருந்து வந்தவர் அதைப் படித்துக்கொண்டிருந்தார்.

"இவங்க எங்கீங்க?"

"நம்ம தங்கச்சிதானுங்க. இன்னிக்கு லீவுங்க" என்றார் அண்ணன். நான் சாப்பாட்டுத் தூக்குப்போசியோடு வாசலில் நிற்பதை அவர் பார்க்கவில்லை.

"நாந்தானுங்க அது. லீவு முடிஞ்சுபோச்சுங்க" என்று சொல்லிக்கொண்டே உள்ளே போனேன்.

மில்காரர் தலையாட்டிவிட்டு, மறுநாளே மோட்டார் அனுப்புவதாகச் சொல்லிப் போனார். அவர் தலை மறைந்ததும் அண்ணன் என் பக்கம் திரும்பினார்.

"என்ன அம்மணி இப்பிடிப் பண்ணிப்போட்டே?"

"ஒண்ணு அதக் கழட்டிக் குடுங்க. இல்லாட்டி எனக்கொரு ஸ்டூலு போடுங்கண்ணா."

சுவரைப் பார்த்தார். கழற்ற மனம் வரவில்லை. ஸ்டூலை அவரே இழுத்து அந்தச் சுவர் ஓரமாகப் போட்டார். எரிந்த மோட்டார் ஒன்றை என் காலடிக்கு உருட்டினார்.

"கடைக்கு வந்துபோட்டா எல்லாரும் ஒண்ணுதான். மொத வருசம் பழைய கம்பி பிரிக்கிறதுதான் வேலை. மத்ததெல்லாம் பொறவு."

என் பேர் போட்ட சர்ட்டிபிகேட்டுக்கு நேர் கீழே உட்கார்ந்து, பல்லைக் கடித்துக்கொண்டு, எரிந்த கம்பியை வெட்டி எடுக்க உளியையும் சுத்தியலையும் கையில் எடுத்தேன்.