மண்ணாத்தாளைத் திட்டிய பங்குனி

பிள்ளைகளே, என் மகள் மல்லிகாவுக்கு ஐந்து வயது நடந்தபோது, அவளுக்குக் கொடுக்க எங்கள் ஊரில் ஒரு சொம்பு நல்ல தண்ணீர் இல்லாமல் போனது. காடும் ஊற்றும் உள்ள மலையில் இப்படி ஒரு நிலைமை. இதை எழுதும்போதும் கோபம்தான் வருகிறது.

நான் ஐந்தாவது வரை படித்தவன். எழுத்தில் பிழை இருந்தால் உங்கள் வாத்தியாரிடம் கொடுத்துத் திருத்திக்கொள்ளுங்கள். நடந்ததில் பிழை இல்லை.

எங்கள் ஊர் ஏற்காட்டு மலையில், தலைச்சோலைக்கு மேலே, எஸ்டேட் வேலியை ஒட்டி இருக்கிறது. ஊர் முழுக்கக் குடிப்பது ஒரே ஊற்றுத் தண்ணீர். நாங்கள் கும்பிடுவது மண்ணாத்தாளை. அவளுக்குக் கோயில் இல்லை, சிலை இல்லை. கால் வைத்து நிற்கிற இடம்தான் அவள். மாசிக் கடைசியில் வெயில் ஏறினதும் அவள் படுத்துவிடுவாள் என்பது எங்கள் நம்பிக்கை. வருஷம் முழுக்க ராகியும் சாமையும் காப்பியும் கொடுத்த உடம்பு அது. அதற்கும் ஓய்வு வேண்டாமா? அதனால் மண்வெட்டி, கடப்பாரை எல்லாவற்றையும் கழுவி, மஞ்சள் பூசிப் பரணில் ஏற்றிவிடுவோம். முதல் மழை விழும்வரை மண்ணில் இரும்பு படக் கூடாது. அந்த மழையை வாங்கித்தான் காப்பிச் செடி பூக்கும், அதனால் அதற்குப் பூ மழை என்று பேர். மழை விழுந்த மறுநாள் காலையில் வெறுங்காலோடு போய், விரலால் குழி போட்டு, ஒரு பிடி சாமையை அவளுக்குக் கொடுப்போம். அதன்பிறகே இரும்பு பரணை விட்டு இறங்கும்.

எண்பதுகளின் ஆரம்பத்தில் ஒரு பங்குனி. கீழேயிருந்து ஒரு கான்ட்ராக்டர் ஆட்களோடு வந்தார். சில்வர் ஓக் மரங்களை வெட்டி இறக்க அவருக்கு ஜீப் ரோடு வேண்டுமாம். அவர் கோடு போட்ட இடம் எங்கள் ஊற்றுக்கு நேர் மேலே.

எங்கள் ஊர்த் தலைவரான ஊர்க்கவுண்டரோடு நாங்கள் சிலர் போய்க் கேட்டோம். அவர்தான் பேசினார்.

"ஏனுங்க, பூ மழை விழுந்ததுக்கு அப்பறம் வெட்டுங்களேன். இப்ப மண்ணு படுத்திருக்குதுங்க."

கான்ட்ராக்டரின் மேஸ்திரி வெற்றிலையைத் துப்பினான். "படுத்திருக்குதா? ஒரு தலகாணி வேணா வாங்கியாரட்டுமா கவுண்டரே?"

ஆட்கள் எல்லாரும் சிரித்தார்கள். கான்ட்ராக்டர் சிரிக்கவில்லை. கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அவ்வளவுதான். சிரித்தவர்களை நான் மறந்துவிட்டேன். அந்தக் கடிகாரப் பார்வையை மறக்கவில்லை.

மேலே வெட்டின மண்ணை அப்படியே சரிவில் தள்ளினார்கள். ஊற்று முதலில் கலங்கியது. பிறகு சேறாக வந்தது. பிறகு வரவே இல்லை. நாங்கள் குடத்தை எடுத்துக்கொண்டு எஸ்டேட் குட்டைக்குப் போனோம். மாடு இறங்குகிற குட்டை. காப்பிக்கு மருந்தடித்த டிரம்களைக் கழுவுகிற குட்டை. காய்ச்சினாலும் வாடை போகாது.

மல்லிகாவுக்கு வயிற்றால் போக ஆரம்பித்தது. தூக்கிக்கொண்டு ஜீப் பிடித்து ஏற்காட்டு ஆஸ்பத்திரிக்குப் போனோம். குளுக்கோஸ் ஏற்றினார்கள், மருந்து கொடுத்தார்கள், குழந்தை தேறினாள். டாக்டரம்மா நல்லவர். "நல்ல தண்ணி குடுங்க. இல்லேன்னா திரும்பவும் வரும். அடுத்த தடவை தாங்க மாட்டா," என்றார். நான் தலையை ஆட்டிக்கொண்டு வந்தேன். நல்ல தண்ணீருக்கு எங்கே போவேன்?

திரும்பவும் வந்தது. கண் உள்ளே போய்விட்டது. உதட்டை நக்கிக்கொண்டே இருந்தாள்.

ஊர்க்கவுண்டர் மறுபடியும் கான்ட்ராக்டரிடம் போனார். அவர் பெரிய மனசு பண்ணுகிற மாதிரி, "ஒரு வெடி வெச்சுத் தரச் சொல்றேன். தண்ணி பீச்சிக்கிட்டு வரும்," என்றாராம். ஊரில் பாதிப் பேர் சரி என்றார்கள். மீதிப் பேர் தரையைப் பார்த்தார்கள். என் மனைவி பாப்பாத்தி மட்டும் என்னைப் பார்த்தாள்.

"பரண் மேல கடப்பாரை இருக்குது. எடுக்கறீங்களா, நான் எடுக்கட்டுமா?"

"மண்ணு படுத்திருக்குது புள்ள."

"எம் புள்ளையுந்தான் படுத்திருக்கறா."

கடப்பாரையை இறக்கினேன். பூசின மஞ்சள் கையில் ஒட்டியது. உச்சி வெயிலில் ஊற்றுக்குத் தனியாகப் போனேன். மேலே ரோடு வேலை நடந்துகொண்டிருந்தது. அவர்களுடைய இரும்புச் சத்தம் மலை முழுக்கக் கேட்டது.

அங்கே நின்று நான் ஜெபம் பண்ணினேன் என்று சொன்னால் உங்களுக்குத் தப்பாகத் தோன்றும். நான் திட்டினேன். இதுவரை எந்த மனுஷரையும் அப்படித் திட்டினதில்லை.

"ஏ ஆத்தா, உனக்குக் காது இருக்குதா இல்லையா? உன்னைய வெட்டறவன் மேல நின்னு பீடி குடிக்கறான். அவனுக்கு ஒரு தலவலிகூட வல்லை. உன்னையத் தூங்க உட்டவன் ஊட்டுலதான் எழவு விழணுமா? ஆடி மாசம் உனக்கு நாத்துக் குடுத்தேன். தையில மொதக் கதிரு குடுத்தேன். செருப்புப் போட்டு உம்மேல நடந்தனா? எம் புள்ளைக்கு ஒரு வாய் தண்ணி குடு. குடுக்க முடியலைன்னா சொல்லிப்போடு, இந்த இரும்பை உன் நெஞ்சுல எறக்கிட்டு ஊரை உட்டே போயர்றேன்."

கடப்பாரையை ஓங்கினேன்.

பிள்ளைகளே, எனக்குக் குரல் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டது என்று யாராவது சொன்னால் நானே நம்பமாட்டேன். ஓங்கின கை இறங்கவில்லை, அவ்வளவுதான். மேலே ஆட்கள் செய்கிற அதே வேலையை நானும் செய்யப்போகிறேன் என்று தோன்றியது. அவர்கள் மேல் இருந்த கோபமே என் கையைப் பிடித்துக்கொண்டது. கடப்பாரையைப் பாறை மேல் வைத்தேன். முட்டி போட்டு, இரண்டு கையாலும் மண்ணை வாரினேன். மண்ணில் இரும்புதான் படக் கூடாது. கை படக் கூடாது என்று யாரும் சொன்னதில்லை.

மேல் மண் சுட்டது. முழங்கை அளவு போனதும் மண் குளிர்ந்தது. நான் அழுதேன்.

என்னைத் தேடிக்கொண்டு பாப்பாத்தி வந்தாள். கடப்பாரை பாறை மேல் கிடப்பதைப் பார்த்தாள். சேலையைச் செருகிக்கொண்டு எதிரில் உட்கார்ந்து வாரினாள். கொஞ்ச நேரத்தில் ஊரே வந்தது. கொட்டாங்குச்சி, மரச் சட்டுவம், சோளத்தட்டுக் கூடை என்று இரும்பில்லாத எல்லாம் வந்தது.

மேலேயிருந்து மேஸ்திரி எட்டிப் பார்த்தான். "என்னங்கடா, பன்னி கெளர்ற மாதிரி கெளர்றீங்க?"

பாப்பாத்தி நிமிரவே இல்லை. "பன்னிக்காவது தண்ணி எங்க இருக்குதுன்னு தெரியுமுங்க மேஸ்திரி. மேல நிக்கறதுக அதுகூடத் தெரியாததுக."

பொழுது சாயும் முன்னால் பழைய கல் தெரிந்தது. எங்கள் பாட்டன்மார் ஊற்றின் வாயில் பதித்த கல். அதன் இடுக்கிலிருந்து நூல் மாதிரி தண்ணீர் கசிந்தது. முதலில் சேறு, பிறகு செம்மண் நிறம், பிறகு கண்ணாடி. கல்லைத் தடவிப் பார்த்தேன். அதன் கனம் உள்ளங்கை அகலம்கூட இல்லை. அங்கே வெடி வைத்திருந்தால் கல்லோடு ஊற்றும் போயிருக்கும்.

அந்தத் தண்ணீரைத் துணியில் வடிகட்டி, காய்ச்சி, ஆற்றி, டாக்டரம்மா கொடுத்த உப்புப் பொட்டலத்தைக் கலந்து மல்லிகாவுக்குப் புகட்டினோம். குடித்தாள். இன்னும் கேட்டாள்.

மறுநாள் மத்தியானம் சேர்வராயன் உச்சிப் பக்கம் கறுத்தது. பூ மழை. கொட்டித் தீர்த்தது. புதிதாக வெட்டின ரோடு ஊற்றின் மேல் விழாமல் அந்தப் பக்கமாக வழுக்கிக்கொண்டு போனது. யாருக்கும் காயமில்லை. கான்ட்ராக்டரின் ஜீப் மட்டும் பாதிச் சக்கரம் வரை சேற்றில் உட்கார்ந்துவிட்டது.

அவரே எங்கள் ஊருக்குள் நடந்து வந்தார். சட்டையெல்லாம் சேறு. அன்றைக்குக் கடிகாரத்தைப் பார்க்கவில்லை.

"நாலு பேர் கடப்பாரை, மண்வெட்டியோட வாங்கப்பா. எங்களோடது எல்லாம் சரிஞ்ச மண்ணுக்குள்ள போயிடுச்சு. ஜீப்பை எடுக்கணும்."

நான் முன்னால் போய் நின்றேன். அதுவரை பெரிய ஆட்கள் முன்னால் வாய் திறக்காதவன் நான்.

"நாளைக்குக் காலையில மண்ணுக்கு வெதை குடுத்த பொறகுதானுங்க இரும்பு எறங்கும். அது வரைக்கும் கையால வாருங்க. வாருனா வருமுங்க. நேத்து நாங்க வாரிப் பாத்தோம்."

வாரினார்கள். கான்ட்ராக்டரும் மேஸ்திரியும் இருட்டும்வரை வாரினார்கள். பாவமாக இருந்ததா என்று கேட்டால், இல்லை.

சில நாளில் மலை முழுக்கக் காப்பி பூத்தது. வெள்ளை வெளேர் என்று, மூச்சு முட்டுகிற வாசம். மல்லிகா பாயை விட்டு எழுந்து வாசலுக்கு நடந்து வந்து, "அப்பா, யாரு பால் கொட்டுனாங்க?" என்று கேட்டாள். என் பிரார்த்தனைக்கு வந்த பதில் அதுதான். இன்றைக்கு, பதினெட்டு வயதில், அவள் ஏற்காட்டுக்குத் தையல் கற்கப் போய்வருகிறாள்.

என் கோபம் போகவில்லை. போக வேண்டும் என்று நான் வேண்டிக்கொண்டதும் இல்லை. அடுத்த பங்குனியில் அதே ரோட்டை மறுபடி வெட்ட வந்தார்கள். நாங்கள் ஊரோடு வழியில் உட்கார்ந்தோம். முதலில் உட்கார்ந்தவன் நான். மழை முடிந்து வந்தார்கள், ஊற்றை விட்டுத் தள்ளி வெட்டினார்கள். இன்றும் மண் படுத்திருக்கிற மாதத்தில் யாராவது இரும்போடு வந்தால் முதலில் என் முகத்தைத்தான் பார்க்க வேண்டும்.

ஆத்தா, நீ கொடுத்த தண்ணீருக்கு நான் சாகும்வரை கடமைப்பட்டவன். திட்டினதற்கு மன்னிப்புக் கேட்கமாட்டேன். கேட்டால் உனக்கே பிடிக்காது.

பிள்ளைகளே, உங்களுக்கும் ஒரு நாள் வரும். வழியெல்லாம் அடைபட்ட மாதிரி இருக்கும். அன்றைக்கு அவளிடம் போங்கள். அழகாகப் பேசத் தெரியவில்லையே என்று தயங்காதீர்கள். சண்டை போடத்தான் வருகிறது என்றால் சண்டை போடுங்கள், அவள் தாங்குவாள். செருப்பை மட்டும் கழற்றிவிட்டுப் போங்கள். கையில் இரும்பு இருந்தால் பாறை மேல் வைத்துவிடுங்கள். பிறகு முட்டி போட்டு வாருங்கள். முழங்கை வரை போனால் குளிரும்.