மரநாய்க்குப் போட்ட மறுப்பு

விடியற்காலை கோழிக்கூட்டைத் திறக்கப் போனபோது ஆறு பேடுகளும் தலையில்லாமல் கிடந்தன. தின்றுவிட்டுப் போயிருந்தால்கூட ஓரளவு மன்னித்திருப்பேன். தலையை மட்டும் கடித்துக்கொண்டு மிச்சத்தை எங்களுக்கு விட்டுப்போன அந்த மரநாயின் திமிரைத்தான் பொறுக்க முடியவில்லை. குசினியில் அடுப்புக்குப் பக்கத்து மூலையில் பன்னிரண்டு முட்டைகளோடு அடைகிடந்த ஒரு பேடு மட்டும் தப்பியது.

செத்த பேடுகளின் கூடு மீன்வலையால் கட்டியது. எங்கள் கரையில் கிழிந்த வலையை யாரும் எறிவதில்லை. வேலி, பந்தல், கோழிக்கூடு எல்லாம் அதுதான். வலையைத் தந்தவன் பக்கத்து வளவு வீட்டில் இருக்கும் என் மனைவியின் தம்பி, கடல்தொழில் செய்பவன். தன் கோழிகளுக்கும் அதே வலைதான் கட்டியிருந்தான்.

“பாரை மீனே அறுக்காத வலை அத்தான், மரநாய் என்ன செய்யும்?” என்று சொல்லித்தான் கட்டினான். முப்பது வருடம் கச்சேரியில் அரசாங்க உத்தியோகம் பார்த்து, ஒவ்வொரு கோப்பையும் இரண்டு முறை வாசித்த நானும் தலையாட்டினேன். கோழி வலையோடு சாய்ந்து தூங்கும். மரநாய்க்கு எதையும் அறுக்கத் தேவையில்லை. வெளியே நின்றபடியே கழுத்தைப் பிடித்து இழுத்தால் போதும்.

மைத்துனன் நஞ்சு வைக்கச் சொன்னான். நஞ்சைத் தின்று முதலில் சாவது ஊர் நாய்கள் என்று மறுத்தேன். அரசாங்கக் கந்தோருக்கு முறைப்பாடு எழுதலாம். வளவின் வரைபடம் இணைக்கவில்லை என்று திரும்பி வரும். அப்படித் திருப்பி அனுப்பியே சம்பளம் வாங்கியவன் நான். அதில்தான் வழி தெரிந்தது. மரநாய் சாக வேண்டாம். ஒவ்வொரு இரவும் வந்து, மணந்து, வெறும் வயிற்றோடு திரும்ப வேண்டும்.

குசினியில் கோழிச்செள்ளுப் பூச்சி ஊர்கிறது, அடைப்பேட்டை வெளியே எடுங்கோ என்று மனைவி ஒரு கிழமை தவணை தந்தாள். அதற்குள் அரை அங்குலக் கண் உள்ள தடித்த கம்பிவலையால் கூடு அடித்தேன். எங்கள் மண் வெறும் மணல், யாரும் தோண்டலாம். அதனால் சுற்றிவர ஒரு முழ ஆழத்துக்குக் கம்பிவலையைப் புதைத்தேன். கூரைக்கும் அதே வலை. தூங்கும் தடியைச் சுவரிலிருந்து எட்ட வைத்தேன். கதவுக்கு இரண்டு கொண்டி, ஒரு பூட்டு.

“கோழிக்கு மறியற்சாலை கட்டுறியளோ அத்தான்?” என்று வேலிக்கு மேலால் மைத்துனன் கேட்டான். நான் பூட்டை இன்னொரு முறை இழுத்துப் பார்த்தேன்.

அடைப்பேட்டை உள்ளே வைத்த அன்று பின்னேரம் கூட்டைச் சுற்றி மணலை வாரி மட்டப்படுத்தினேன். காலையில் வரவுப் பதிவேடு போல எல்லாம் பதிந்திருந்தது. கதவடியில் மரநாய் தோண்டிய ஒரு கிடங்கு; கம்பியைத் தொட்டதும் நின்றிருந்தது. மறுநாள் பின்பக்கம் இன்னொன்று. கூரையில் நகக்கீறல். தேத்தண்ணீரைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்ப்பேன். அவ்வளவு ருசியான தேத்தண்ணீரை ஓய்வூதியக் காலத்தில் நான் குடித்ததில்லை.

“இஞ்சேருங்கோ, அந்தக் கிடங்குகளை மூடுங்கோ. நீங்கள்தான் இடறி விழப்போறியள்” என்றாள் மனைவி.

மூடவில்லை. தன் தோல்விகளை அது திரும்ப வந்து பார்க்கட்டும்.

குஞ்சு பொரித்த காலையில் மணலில் ஒரு தடமும் இல்லை. பன்னிரண்டில் பத்து பொரித்திருந்தன. எண்ணிக்கொண்டிருக்கும்போது வேலிக்கு அப்பால் மைத்துனன் மனைவி கோழிகளைக் கொன்ற மரநாயையும் வலை கட்டிய புருஷனையும் ஒரே மூச்சில் திட்டுவது கேட்டது. கொஞ்ச நேரத்தில் அவன் வந்தான்.

“அத்தான், கம்பிவலை மிச்சம் கிடக்கோ?”

“கிடக்கு. கிடங்கை நீ வெட்டு. நான் அளந்து சொல்லுறன்.”

கதிரையை அவன் வளவுக்குத் தூக்கிப்போய் நிழலில் போட்டு உட்கார்ந்தேன். எனக்கு ஒரு முழம் போதுமாயிருந்தது. அவனுக்கு ஒன்றரை முழம் என்றேன்.

“ஏன் எனக்கு மட்டும் கூட?”

“உன்ரை பக்கம் மண் இளகல்.”

இரண்டு வளவும் ஒரே மணல்தான். வெயில் ஏறும் வரை வெட்டினான்.