தினேஸ்வரி தட்டிய தூசு

தினேஸ்வரியின் கண்ணுக்கு ஒரு புள்ளிகூடத் தப்பாது. தாப்பா பக்கம் கையுறைக் கம்பெனியில் ஆறு வருஷம் சோதனை மேசையில் நின்றவள். துளி அழுக்கு தெரிந்தாலும் கையுறை ரிஜெக்ட் தொட்டிக்குப் போகும். எத்தனை மணிக்குப் போனது, என்ன குறை என்பதெல்லாம் தாளில் ஏறும். கம்பெனியை மூடிவிட்டார்கள். ரப்பர் தோட்டம் செம்பனைத் தோட்டமான பிறகும் குடும்பம் விடாத தொழிலாளர் லயத்து வீட்டிலிருந்து பஸ் பிடித்து, தஞ்சோங் மாலிம் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் விஸ்வநாதன் சாருக்கு உதவியாளாகச் சேர்ந்தாள். மூன்று மாதம் பார்ப்பார்கள், பிடித்தால்தான் நிரந்தரம்.

சூரியனை நெருங்கிச் சுற்றும் விண்கலம் அனுப்பிய மின்னழுத்தக் கோடுகள் சாரின் கணினியில் ரெண்டு வருஷமாய்த் தூங்கின. முதல் நாளே சொன்னார்: “அந்தப் பழைய பைலெல்லாம் தூசு தட்டி வைம்மா.”

கோடு அங்கங்கே முள் மாதிரி எகிறியிருந்தது. ‘முள் என்றால் தூசு மோதியது’ என்றது கூட இருந்த குறிப்பு. தட்டிவிட வேண்டியதுதானே? மூன்று மாதம் ஒவ்வொரு முள்ளாய்ப் பிடுங்கினாள்.

கடைசி வாரம் சார் திறந்து பார்த்தார். கோடு இஸ்திரி போட்ட துணி மாதிரி கிடந்தது.

“முள்ளெல்லாம் எங்கம்மா?”

“தட்டிட்டேன் சார். நீங்கதான சொன்னீங்க?”

பக்கத்து மேசை ஆராய்ச்சி மாணவன் அஸ்வான் நாற்காலியோடு திரும்பினான். “அலாமாக்! அக்கா, நாங்க படிக்கிறதே அந்தத் தூசத்தான் லா! சூரியன் வாசலையே கூட்டிப் பெருக்கிட்டீங்க!”



சார் உட்கார்ந்துவிட்டார். “பைல வெளிய எடுத்துத் தயார் பண்ணி வைன்னுதான் சொன்னேம்மா... தூசு பிடிக்கக் கலத்துல தனிக் கருவி இல்ல. கலத்து உடம்புல தூசு வந்து மோதுறதுதான் நமக்கு முள்ளாத் தெரியும். பைல மறுபடி இறக்கிக்கலாம், ஆனா முள்ளப் பொறுக்கிக் கணக்கெடுக்க இன்னும் மூணு மாசமாகும். வெள்ளிக்கிழமை கட்டுரை அனுப்பணும்.”

வேலை போச்சு என்று நினைத்தவள் மெல்லச் சொன்னாள்: “ரிஜெக்ட் தாள் இருக்கு சார்.”

“என்ன தாள்?”

கணினியில் திறந்து காட்டினாள். பிடுங்கிய ஒவ்வொரு முள்ளுக்கும் தேதி, மணி, உயரம். ‘குறை’ என்ற கட்டத்தில் மேலிருந்து கீழ்வரை ஒரே சொல்: தூசு.

அஸ்வான் எட்டிப் பார்த்தான். “சார், நாம பொறுக்க வேண்டிய கணக்கே இதுதான்!”

ஆரம்பத் தேதிகளில் நாளுக்கு நாலைந்து வரிகள்தான். கலம் சூரியனை நெருங்க நெருங்க ஒரே நாளுக்குப் பக்கம் பக்கமாய். மெஷின் கெட்டுப்போச்சு என்று அன்று திட்டிக்கொண்டே பிடுங்கியது அவளுக்கு ஞாபகம் வந்தது. 

“இத்தன அடி வாங்கியுமா சார் கலம் ஓடுது?”

“ஓடுதும்மா. உன் பேர நிரந்தரத்துக்கு எழுதிடுறேன், நீ தாளக் கீழ தள்ளு.”

அவள் இன்னும் அந்த ஒரு நாளின் வரிகளையே எண்ணிக்கொண்டிருந்தாள். அஸ்வான்தான் எழுந்துவந்து தள்ளினான்.