தூங்காதவளின் தூக்க அறிக்கை

அந்தச் செவ்வாய்க்கிழமை காலையில் மட்டும் கார் அவளை ஒன்பது முறை எழுப்பியது. அவள் ஒரு முறைகூடத் தூங்கவில்லை.

நாற்பது மின்சார வாடகைக் கார்கள் ஓடும் நிறுவனத்தில் அவள் ஓட்டுநர். வயது நாற்பத்து மூன்று. அதற்கு முன் பதினோரு வருடம் பள்ளி வேன் ஓட்டினாள். பிறந்ததிலிருந்தே இடது கண்ணிமை பாதி இறங்கியிருக்கும். பார்வையில் குறை எதுவும் இல்லை. உரிமம் வாங்கப் போனபோது கண் பரிசோதனைப் பலகையின் கடைசி வரியைத் தடுமாறாமல் படித்துக் காட்டியவள். எப்போதும் கண்ணடிப்பது போலத் தெரிவதால் வேன் பிள்ளைகள் அவளுக்குக் 'கண்ணடி அக்கா' என்று பேர் வைத்தார்கள். அந்தப் பேர் இந்த நிறுவனத்துக்கும் கூடவே வந்துவிட்டது. "கூட்டத்துல என்னைத் தேட வேண்டியதில்ல பாருங்க" என்பாள்.

இந்தக் காரோடு அவளுக்கு இரண்டு வருடக் குடித்தனம். சாலையில் போட்ட வெள்ளைக் கோட்டைத் தாண்டினால் அது ஸ்டியரிங்கைப் பிடித்து இழுக்கும். பள்ளத்துக்குப் பயந்து ஒதுங்கினாலும் இழுக்கும். காற்றில் பறந்து வந்த பிளாஸ்டிக் பைக்குக்கூட ஒரு தடவை தானாகவே பிரேக் போட்டது. அப்டேட் வந்த மறுநாள் திரையில் வைப்பர் பொத்தான் இருந்த இடத்தில் பாட்டு இருக்கும். மழையில் கண்ணாடி துடைக்கத் தொட்டால் யாரோ உருகி உருகிப் பாட ஆரம்பிப்பார்கள். "மாமியார் அடுக்களை மாதிரி. நேத்து வெச்ச டப்பா இன்னைக்கு அந்த இடத்துல இருக்காது" என்று அலுத்துக்கொள்வாளே தவிர, பழகிக்கொண்டாள்.

ஆனால் கடைசியாக வந்த அப்டேட்டுக்குப் பழக முடியவில்லை. ஸ்டியரிங்குக்குப் பின்னால் இருந்த சின்னக் கேமரா அதுவரை சும்மா இருந்தது. இப்போது ஓட்டுநரின் கண்ணை உற்றுப் பார்க்கத் தொடங்கியது. இமை இறங்கினால் மணி அடிக்கும். 'நீங்கள் களைப்பாக இருக்கிறீர்கள், ஓய்வெடுங்கள்' என்று திரையில் எழுத்து வரும். அதே நொடியில் அலுவலகத்துக்கும் தகவல் போகும். தகவல்கள் சேர்ந்தால் அறிக்கை. ஒரே மாதத்தில் மூன்று அறிக்கை வந்தால் ஸ்டியரிங்கை விட்டு இறங்கி, சார்ஜ் ஏற்றும் கொட்டகையில் ஒயர் மாட்டப் போக வேண்டும். அவளுக்கு இரண்டு வந்துவிட்டது.

"கேமரா மேல ஒரு துண்டு பிளாஸ்திரி ஒட்டிடேன். பாதிப் பேர் அதைத்தான் பண்றாங்களாம்" என்றார் அச்சகத்தில் வேலை பார்க்கும் அவள் கணவர்.

"மறைக்கிறதுக்கு நான் என்னங்க திருடினேன்?"

"சரி, ஆபரேஷன் பண்ணா இமை தூக்கிக்கும்னு டாக்டர் எப்பவோ சொன்னாரே."

"லைசென்ஸ் கொடுத்தவங்களுக்கு இந்தக் கண்ணு போதும். உங்களுக்கும் போதும். காருக்காக நான் கத்தி வெச்சுக்கணுமா?"

"இனிமே சண்டைக்குக் காரும் இருக்கு. எனக்குக் கொஞ்சம் ஓய்வு" என்று அவர் சட்டைக்கு இஸ்திரி போடப் போய்விட்டார்.

வெள்ளிக்கிழமை மூன்றாவது அறிக்கை வந்தது. பொறுப்பாளர் கூப்பிட்டு அனுப்பினார். கெட்ட மனிதர் இல்லை. திரையில் வருவதை நம்புகிறவர், அவ்வளவுதான்.

"ஏம்மா, இந்த வாரம் இருபத்தாறு தடவை தூங்கியிருக்கீங்க."

"இருபத்தாறு தடவை தூங்கினவ எப்படி சார் ஒரு கீறல்கூட இல்லாம வண்டியைக் கொண்டுவந்து நிறுத்துவா?"

"அதெல்லாம் எனக்குத் தெரியாது. காரணத்தைத் தேர்ந்தெடுத்துக் கையெழுத்துப் போடுங்க." படிவத்தைத் திருப்பினார். தூக்கமின்மை, மருந்து, வீட்டுப் பிரச்சினை.

"நாலாவதா ஒண்ணு வேணும் சார். கார் தப்பு."

"அப்படி ஒரு காரணமே இல்லையே."

"அப்ப நான் போடல. நீங்க வந்து பத்து நிமிஷம் ஓட்டிப் பாருங்க. அதுக்கப்புறம் எந்தக் கொட்டகைக்கு வேணாலும் அனுப்புங்க."

அவர் யோசிப்பதற்குள் அவள் சாவி அட்டையை அவர் கையில் வைத்துவிட்டாள். வாசலில் நின்ற மூத்த ஓட்டுநர் ஒருவரும், "நானும் வரேன் தங்கச்சி" என்று பின்சீட்டில் ஏறிக்கொண்டார். வயிறு குலுங்கச் சிரிக்கிற ஆள். சிரித்தால் கண் இரண்டும் காணாமல் போகும். அவருக்கும் ஒரு அறிக்கை வந்திருந்தது.

கொட்டகைக்குப் பின்னால் நீளமான காலி மைதானம். முதலில் அவள் ஓட்டினாள். வேகம் முப்பதைத் தாண்டியதும் மணி அடித்தது. அடுத்துப் பொறுப்பாளர் உட்கார்ந்தார். சத்தமே இல்லை.

"பாத்தீங்களா, ஒழுங்காத்தானே வேலை செய்யுது" என்றார்.

"இப்ப இடது கண்ணை மட்டும் பாதி மூடிக்கோங்க சார்."

மூடினார். நாலு நொடியில் மணி. ஓய்வெடுக்கச் சொல்லி எழுத்து வந்தது. அவர் கண்ணைத் திறக்காமல் இன்னும் கொஞ்ச தூரம் போனார். இன்னொரு மணி.

"நான் முழிச்சிட்டுத்தான் இருக்கேன்!" என்று திரையைப் பார்த்து எரிந்து விழுந்தார்.

பின்சீட்டில் சிரிப்பு வெடித்தது.

"மூணு வாரமா நானும் அதைத்தான் சார் சொல்றேன்" என்றாள் அவள். "அதுக்குக் காது கிடையாது. உங்களுக்கு இருக்கு."

அவர் வண்டியை நிறுத்தினார். அன்று மாலையே சாஃப்ட்வேர் நிறுவனத்துக்குக் கடிதம் போனது.

திங்கட்கிழமை மடிக்கணினியோடு ஒரு பெண் டெக்னீஷியன் வந்தாள். கேட்டாள், பார்த்தாள், சட்டென்று தீர்வும் சொன்னாள். "உங்க வண்டியில மட்டும் இதை அணைச்சு வெச்சிடறேன் அக்கா. ரெண்டு நிமிஷ வேலை."

பொறுப்பாளர் பெருமூச்சு விட்டார். "முடிஞ்சுது."

"முடியல. அணைக்காதீங்க" என்றாள் அவள்.

இருவரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"வேன் ஓட்டின காலத்துல ஒரு நாள் மத்தியானம் நிஜமாவே கண்ணு சொருகிடுச்சு. பின்னால இருந்த ஒரு பொண்ணு 'அக்கா'ன்னு கத்தினதால பதினாறு பிள்ளைங்க வீடு போய்ச் சேர்ந்துச்சு. இதுவரைக்கும் இதை யார்கிட்டயும் சொன்னதில்ல. எனக்கு எழுப்புற ஆள் வேணும் சார். பொய்யா எழுப்புற ஆள்தான் வேணாம்."

டெக்னீஷியன் மடிக்கணினியை மறுபடி திறந்தாள். "அப்படின்னா உங்க முகத்தைத் தனியாப் பதியணும். ரெண்டு நாள் ஆகும்."

"அதுவரைக்கும் கொட்டகையில…" என்று பொறுப்பாளர் ஆரம்பித்தார்.

"அதுவரைக்கும் ஓட்டுறேன். அது கத்துறதைக் கத்தட்டும். அறிக்கை மூணையும் நீங்க ரத்து பண்ணுங்க."

இரண்டு நாளும் ஓட்டினாள். மணி அடிக்கும்போதெல்லாம் பயணிகளுக்கு விளக்கம் சொன்னாள். இடையிடையே கேமராவின் முன் உட்கார்ந்து மேலே, கீழே, வெயிலில், நிழலில் பார்த்தாள். டெக்னீஷியன் சொன்னபடி இரண்டு கண்ணையும் பத்து நொடி மூடி நிஜத் தூக்கம் எப்படி இருக்கும் என்றும் காட்டிக் கொடுத்தாள். புதன்கிழமை மைதானத்தை ஆறு முறை சுற்றினாள். மணி அடிக்கவில்லை. ஏழாவது சுற்றில் வேகத்தைக் குறைத்து, நேர்ப்பாதையில் வேண்டுமென்றே இரண்டு கண்ணையும் மூடினாள். பக்கத்தில் இருந்த டெக்னீஷியன் ஸ்டியரிங்கைப் பிடிப்பதற்குள் மணி அடித்தது.

படிவத்தில் நாலாவது காரணமும் ஏறியது: கருவியின் தவறு. அறிக்கை மூன்றும் ரத்து என்று எழுதிய தாளைப் பொறுப்பாளர் நீட்டினார். அவள் வரி விடாமல் படித்துப் பார்த்துக் கையெழுத்திட்டாள்.

"இப்ப சந்தோஷம்தானே?"

"அடுத்த அப்டேட்லயும் நான் தூங்குறேன்னு சொல்லுச்சுன்னா, மறுபடி உங்களைத்தான் சார் உக்கார வெப்பேன்" என்று சொல்லிவிட்டு, சாவி அட்டையை எடுத்துக்கொண்டு, காத்திருந்த சவாரிக்குப் போனாள்.