அடுத்த கடையின் ஏழு குடுவைகள்

பதுளைக்கு ரயில் வராத காலம் அது. கடைவீதியில் எனக்கு ஒரு ஜவுளிக்கடை இருந்தது; அதன் பின்கட்டிலேயே வீடு. கொழும்பு வாரப் பத்திரிகை ஒன்றுக்கு ஊர்ச் செய்தியும் எழுதி வந்தேன். அடுத்த கடை கருவாட்டுக் கடை. அதை நடத்தியவன் என்னைவிடப் பத்து வயது இளையவன். மட்டக்களப்பிலிருந்து அவனுக்கு வண்டி வரும் நாளில் என் வேட்டிக் கட்டுகளும் சேர்ந்து நாறும்.

இரத்தினபுரிப் பக்கத்திலிருந்து வேலி கட்ட உதவும் கட்டுக்கொடி விற்க வரும் சிங்களவர் ஒருமுறை இரண்டு செடிகளையும் கொண்டுவந்தார். இலை நுனி நரம்பாக நீண்டு, அதன் முனையில் மூடியோடு ஒரு குடுவை. உள்ளே விரல் ஆழத்துக்கு நீர். செடியின் பேர் "பாந்துரா" என்றார். நானும் அவனும் ஆளுக்கொன்று வாங்கினோம். முதலில் பொறுக்கியவன் நான். மூன்று குடுவை இருந்ததை எடுத்துக்கொண்டேன். அவனுக்கு இரண்டு.

எங்கள் வீடு சைவம். செடி தானே செம்பு செய்து நீர் ஏந்தி நிற்பதைப் பார்த்து, முற்றத்தில் சாமி படத்துக்கு நேராக வைத்தேன். நான்காம் நாள் குடுவைக்குள் ஈயும் எறும்பும் செத்து மிதந்தன. அசுத்தம் என்று கவிழ்த்துக் கொட்டி, மஞ்சள் நீரால் கழுவி, கிணற்று நீர் ஊற்றினேன். பிறகு வெள்ளிக்கிழமைதோறும் விளக்குத் துலக்கும்போது அவற்றையும் கழுவுவது வழக்கமாயிற்று.

இரண்டு மாதத்தில் அவன் செடியில் ஏழு குடுவை. அரசாங்கக் கச்சேரிக் குமாஸ்தாக்கள் பார்க்க வந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை தேயிலைத் தோட்டத்திலிருந்து என்னிடம் சேலை எடுக்க வந்தவர்கள், விரித்த சேலையை அப்படியே விட்டுவிட்டு, "அந்தச் செடியப் பாத்துட்டு வந்துர்றோம்" என்று இறங்கிப் போனார்கள். என் மனைவியும் போய்வந்தாள். "என்னங்க, ஒவ்வொண்ணும் சாண் நீளம் இருக்கு" என்றாள். என்னுடையதில் மூன்றும் கருகி, புதிய இலைகள் நுனி மொட்டையாக வந்துகொண்டிருந்தன.

குறிப்புப் புத்தகத்தோடு போனேன். அவன் கடைப் பின்தாழ்வாரத்தில், கூரைச் சொட்டு விழும் இடத்தில் செடி இருந்தது. 'குடுவை செம்மை, விளிம்பு தடிப்பு. கருகுமுன் என்னுடையது பச்சை, விளிம்பு மெலிவு. இரண்டும் வேறு ஜாதி' என்று எழுதிக்கொண்டேன்.

"தம்பி, ஒனக்கு வாய்ச்சது ஒசந்த ஜாதி. எனக்கு விழுந்தது மட்டம்."

"நீங்கதானே அண்ணே மொதல்ல பொறுக்குனீங்க."

"அப்பத் தெரியல."

அவன் கருவாட்டைக் கட்டிக்கொண்டே சொன்னான்: "அப்ப மாத்திக்குவோம். எனக்கு எதுன்னாலும் ஒண்ணுதான்."

ஏழு குடுவையைவிட, அவன் அப்படிச் சுலபமாகச் சொன்னதுதான் எனக்கு உறுத்தியது. ஆனாலும் மாற்றிக்கொண்டேன். அந்த வெள்ளிக்கிழமை ஏழு குடுவையையும் கழுவினேன்.

இரண்டு மாதம் கழித்து என் முற்றத்தில் குடுவை ஒன்றும் இல்லை. அவன் தாழ்வாரத்தில் ஐந்து, நல்ல சிவப்பு. நான் தள்ளிய அதே செடிதான். புழு அரித்த இரண்டாம் இலையை வைத்து அடையாளம் கண்டேன்.

துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு, "இதுக்கு என்ன போடுற?" என்றேன்.

"நான் என்னத்தப் போட? மழைத் தண்ணி சொட்டுது. இங்க ஈக்கா பஞ்சம், அதுவா விழுது. நீங்க என்ன செய்றீங்க?"

"வாராவாரம் கழுவுறேன்."

அவன் சிரிக்காமல் சொன்னான்: "சோத்துத் தட்டச் சோத்தோட கழுவியிருக்கீங்களே அண்ணே."

வீட்டில் சொன்னேன். "மறுபடி மாத்தச் சொல்லுங்களேன். அந்தத் தம்பி குடுத்துரும்" என்றாள் மனைவி. கொடுத்துவிடுவான். அதனாலேயே கேட்க வாய் வரவில்லை.

அந்த வெள்ளிக்கிழமை விளக்கை மட்டும் துலக்கினேன். செடியைச் சாமி படத்தின் முன்னிருந்து எடுத்து, அவன் கடையை ஒட்டிய பின்சுவரோரம், கூரைச் சொட்டுக்குக் கீழே வைத்தேன். ஈக்கள் சுவர் தாண்டி வந்தன. ஐப்பசி மழையில் ஒரு குடுவை மூடி திறந்தது, சுண்டுவிரல் அளவுக்கு. மனைவியைக் கூப்பிடவில்லை. சுவருக்கு மேல் எட்டி அவனுடையதை எண்ணினேன். ஒன்பது.