அடி அண்ணாமலைக்கு ஒரு சோதனை முடிவோடு போன பயணம்

இந்தப் புரட்டாசிப் பௌர்ணமிக்குத் திருவண்ணாமலை போனேன். வேண்டுதல் எதுவும் இல்லை. என் அண்ணியிடம் ஒரு செய்தி சொல்ல வேண்டியிருந்தது. போனில் சொல்லியிருக்கலாம், வாய் வரவில்லை.

சென்னையில் உணவுப் பொட்டலங்களைச் சோதிக்கும் ஆய்வகம் ஒன்றில் வேலை செய்கிறேன். அண்ணன் தவறிய பிறகு, அண்ணி செல்வி கிரிவலப் பாதையில் இருக்கும் அடி அண்ணாமலையில் பௌர்ணமிதோறும் அன்னதானத்துக்குக் கூலிக்குப் புளிசாதம் கட்டிக் கொடுக்கிறார். போன வருடம் சித்திரை வெயிலில் சாதம் நொந்து, சாப்பிட்ட சிலருக்கு வாந்தி. அண்ணிக்கு அந்த வேலையே போய்விடும் நிலைமை. அப்போது நான்தான் வெள்ளித்துகள் கலந்த பிளாஸ்டிக் டப்பாக்களைச் சென்னையில் மொத்தமாக வாங்கி அனுப்பினேன். கிருமியைக் கொல்லும், சாப்பாடு கெடாது என்றேன். கெடவும் இல்லை. வேலை நிலைத்தது.

இந்த மாதம் அதே டப்பா சோதனைக்காக எங்கள் மேசைக்கு வந்தது. புளிப்பான உணவுக்குப் பதிலாக நீர்த்த அசிட்டிக் அமிலத்தை அதில் ஊற்றி, நாற்பது டிகிரி சூட்டில் பத்து நாள் வைத்தோம். பதினோராம் நாள் அமிலத்தில் வெள்ளி இருந்தது. தலைமுடியின் தடிமனில் ஆயிரத்தில் ஒரு பங்கு கூட வராத துகள்கள். கண்ணுக்கும் தெரியாது, நாக்குக்கும் தெரியாது.

கிளாம்பாக்கத்தில் காலை 6.10க்குப் பேருந்து. கட்டணம் 165 ரூபாய். திண்டிவனம், செஞ்சி வழியாகக் கிட்டத்தட்ட 165 கிலோமீட்டர். பௌர்ணமி நெரிசலில் ஊருக்கு வெளியே தற்காலிக நிலையத்திலேயே இறக்கிவிட்டார்கள், மணி 11.20. அங்கிருந்து ஷேர் ஆட்டோவில் தலைக்கு 50 ரூபாய்.

"சீக்கிரம் ஏறும்மா. மத்தியானத்துக்கு மேல கிரிவலப் பாதையில ஆட்டோ விட மாட்டாங்க. அப்பறம் நடந்துதான் போவணும்" என்றார் ஓட்டுநர். போகிறவர்கள் கவனத்துக்கு: அவர் சொன்னது உண்மை.

அண்ணி வீட்டுப் பின்பக்கம், தகரக் கொட்டகையில் நான்கு பெண்கள் ஆவி பறக்கும் சாதத்தை டப்பாவில் அள்ளி மூடிக்கொண்டிருந்தார்கள். "வா மாலா, இன்னா திடீர்னு? மொதல்ல சாப்பிடு" என்று அண்ணி என்னைச் சமையலறைக்கு இழுத்துப் போனார்.

அங்கே அலமாரி முழுக்க அதே டப்பாக்கள். உள்ளே எலுமிச்சை ஊறுகாய்.

"மாசியில போட்டது. ஒரு பொட்டு பூசணம் இல்ல பாரு! பொங்கலுக்குக் குடுத்தேனே, அதுவும் இப்படித்தான் இருந்துச்சுன்னு சொன்னியே. நீ வாங்கிக் குடுத்த டப்பா தங்கம்தான். காலியானதைக் கழுவி, பாப்பாவுக்கு இஸ்கூலுக்கும் அதுலதான் சோறு கட்டறேன்."

பாப்பா என்பது அண்ணன் மகள். ஒன்பதாவது படிக்கிறாள். பொங்கலுக்குக் கொடுத்த ஊறுகாயை என் வீட்டில் நான்கு பேரும் வழித்துத் தின்றோம். ஆய்வகத்தில் பத்து நாள் என்று கணக்கு வைத்தோமே, இங்கே மாசியிலிருந்து ஊறுகிறது. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன்.

அண்ணி கரண்டியைக் கீழே வைத்தார். "சாப்பிட்டா இன்னா ஆவும்?"

"தெரியாது அண்ணி."

"தெரியாதா?"

"எவ்வளவு இறங்குதுன்னு அளக்கத் தெரியும். உடம்புல போய் இன்னா பண்ணும்னு எனக்குச் சொல்லத் தெரியல. ஒண்ணும் ஆவாமலும் இருக்கலாம்."

"போன வருஷம் நல்லதுன்னு நீதான் சொன்ன. இப்ப கெட்டதான்னு கேட்டா தெரியாதுங்கற. நான் யாரைப் போய் கேக்கறது?" குரல் உயரவே இல்லை. உயர்ந்திருந்தால் தாங்கியிருப்பேன்.

வாழையிலையில் கட்டலாமே என்றேன். "எண்ணூறு பொட்டலம். இந்நேரத்துக்கு எங்க போய் எலை வாங்கறது? கடையில பச்சையா எலை மாதிரி விக்கறானே, அதுலயும் பிளாஸ்டிக்தானே பூசியிருக்கு? இல்ல, சாதம் மறுபடி நொந்து யாராச்சும் வாந்தி எடுக்கட்டுமா? அது கண்ணால பாத்தது மாலா."

ஆற வைத்துக் கட்டினால் கொஞ்சம் கம்மியாக இறங்கும் என்று மட்டும் சொன்னேன். உடனே வெள்ளைத் துணி விரித்து, சாதத்தைப் பரப்பி, இரண்டு மின்விசிறி வைத்தார்கள். இருநூறு டப்பா அப்படி ஆற வைத்துக் கட்டினோம். மூன்றரைக்கு அன்னதான வண்டி வந்து ஒலி எழுப்பத் தொடங்கியது. மீதி அறுநூறும் சூடாகவே போயின. உட்கார்ந்து நானும் மூடினேன். மூடியில் விரல் சுட்டது.

ஐந்து மணிக்குக் கிளம்பினேன். ஆட்டோ இல்லை, ஊருக்குள் ஏறக்குறைய ஏழு கிலோமீட்டர் நடை. வழியெல்லாம் அந்த டப்பாக்கள். மரத்தடியில் ஒரு பெண், மடியில் இருந்த குழந்தைக்குச் சாதத்தைப் பிசைந்து ஊட்டிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் போய் நின்றேன். "இன்னாக்கா, உங்களுக்குக் கெடைக்கலையா?" என்று டப்பாவை என் பக்கம் நீட்டினாள். பசி இல்லை என்று சொல்லிவிட்டு நடந்தேன்.

மறுநாள் அண்ணி போன் செய்தார். ஊறுகாய் மொத்தத்தையும் குழி தோண்டிக் கொட்டிவிட்டாராம். பாப்பாவுக்கு எவர்சில்வர் டப்பா வாங்கிவிட்டாராம். அடுத்த பௌர்ணமிக்கு அன்னதானக்காரர்கள் அதே டப்பாதான் வேண்டும் என்கிறார்களாம், கெடாமல் இருப்பதால். "உங்கிட்ட வேற வழி இருந்தா சொல்லு" என்றார். இன்று வரை நான் சொல்லவில்லை.

போகிறவர்களுக்கு: காலை பத்துக்குள் ஊர் போய்ச் சேருங்கள். ஆளுக்கொரு எவர்சில்வர் டப்பாவும் தண்ணீர்ச் சொம்பும் எடுத்துக்கொள்ளுங்கள். பொட்டலம் கட்டாமல் பரிமாறும் அன்னதானத்தில் கேட்டால் அதிலேயே போடுவார்கள். சூடான, புளிப்பான எதையும் பிளாஸ்டிக்கில் வாங்காதீர்கள். காலி டப்பா பார்க்க அழகாக இருக்கிறது என்று வீட்டுக்குக் கொண்டுவராதீர்கள்.

ஏற்கெனவே சாப்பிட்டவர்களுக்குச் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை.